முதல் மூன்று ஆண்டுகள்

(வேலைக்குச் சேர்ந்து ஓரிரு ஆண்டுகளே ஆன இளைஞர்களுக்காகக் கோவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எம்.பி.ஏ. சேர்க்கைக்குத் தயாராவது பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். எந்தப் பயிற்சி மையம் நல்லது, எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று சொல்வேன் என எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். தேர்வைப் பற்றியும் கொஞ்சம் சொல்லத்தான் போகிறேன். ஆனால் பல ஆண்டுகளாக இளைஞர்களின் விண்ணப்பங்களைப் படித்துப் பார்த்துக் கருத்துச் சொல்லி வருபவன் என்ற முறையில், என் மனதில் முதலில் நிற்பது வேறொன்று. நல்ல அடிப்படை உள்ளவர்களுக்குத் தேர்வுக்கு ஆறேழு மாதம் போதும். விண்ணப்பத்தில் எழுத விஷயம் வேண்டுமே, அதை எந்தப் பயிற்சி மையமும் ஆறேழு மாதத்தில் தந்துவிட முடியாது. நீங்கள் நாளைக் காலை போய் உட்காரப் போகும் வேலையிலிருந்துதான் அது வர வேண்டும்.

இதை ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். இந்தப் பக்கத்து ஃபவுண்டரி ஒன்றில் தரக் கட்டுப்பாட்டில் இருந்த ஒரு பெண் தன் விண்ணப்பத்தை என்னிடம் காட்டினார். பம்ப் உறைகளை வார்க்கும் ஆலை. "வார்ப்புகளின் தரத்துக்குப் பொறுப்பாக இருந்தேன், பல துறையினருடன் இணைந்து பணியாற்றினேன்" என்று எழுதியிருந்தார். இந்த இரண்டு வரியை யார் வேண்டுமானாலும் எழுதலாம். "அங்கே இருந்த காலத்தில் உன்னைத் தூங்கவிடாத பிரச்சினை எதும்மா?" என்று கேட்டேன். அதற்குப் பிறகுதான் உண்மையான கதை வெளியே வந்தது.

ராத்திரி ஷிஃப்டில் வார்த்த உறைகள் மட்டும் அதிகமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தன. பார்வைக்கு நன்றாக இருக்கும். லேத்தில் ஏற்றி மேல்தோலைச் சீவினால் உள்ளே காற்றோட்டை. ஆறு மாதமாகக் காரணம் பிடிபடவில்லை. உருக்கும் உலையைச் சந்தேகித்தார்கள், இரும்பைச் சந்தேகித்தார்கள். இவர் தானே கேட்டு ராத்திரி ஷிஃப்டுக்குப் போயிருக்கிறார். அங்கே மோல்டிங்கில் நெடுங்காலமாக இருக்கும் ஒரு பெரியவர், "அம்மணி, மண்ணு ஈரம் பகல்ல நீங்க பாத்து எழுதறீங்க. ராத்திரி லேப் பூட்டிருதுங்களே, அப்ப யாருங்க பாக்கறாங்க?" என்று கேட்டிருக்கிறார். விஷயம் அவ்வளவுதான். பகலெல்லாம் சுற்றிச் சூடேறித் திரும்பி வரும் மண் சீக்கிரம் காய்ந்துவிடும். ராத்திரியில் அளக்க ஆள் இல்லாததால் கைக்கணக்கில் தண்ணீரை விட்டிருக்கிறார்கள். ஈரம் கூடிப்போனால், உருகிய இரும்பு பட்டதும் ஆவி எழும்பும். வெளியேற வழியில்லாத ஆவி வார்ப்புக்குள்ளேயே தங்கி ஓட்டையாகிவிடும்.

ஈரம் பார்க்கும் கருவியை லேபிலிருந்து மோல்டிங் பக்கம் கொண்டுவந்து வைத்து, அதைப் பார்க்கும் விதத்தைத் தொழிலாளர்களுக்கு இவரே சொல்லிக் கொடுத்திருக்கிறார். அளந்ததைக் கரும்பலகையில் எழுதி வைக்கும் வழக்கத்தையும் கொண்டுவந்திருக்கிறார். "இதனால உற்பத்தி தாமதமாகும்" என்று ஷிஃப்ட் சூப்பர்வைசர் முதலில் மறுத்திருக்கிறார். அவரைச் சம்மதிக்க வைக்கத்தான் அதிக நாள் பிடித்ததாம்.

யோசித்துப் பாருங்கள். கவனிப்பு, மூத்த தொழிலாளியின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கும் பணிவு, அதிகாரம் இல்லாமலே பத்துப் பேரை இணங்க வைக்கும் திறமை. ஒரு பிசினஸ் ஸ்கூல் தேடுகிற அத்தனையும் இந்த ஒரு கதையில் இருக்கிறது. "இதை ஏன் எழுதவில்லை?" என்று கேட்டேன். "இதெல்லாம் தினசரி வேலைதானே சார்" என்றார். சரி, இப்போது எழுதலாம் என்று உட்கார்ந்தோம். நூற்றுக்கு எத்தனை திரும்பி வந்தன, பிறகு எத்தனையாகக் குறைந்தது என்று கேட்டால் பதில் இல்லை. அதற்குள் அவர் வேறு நிறுவனத்துக்கு மாறிவிட்டார். பதிவேடு அங்கே இருக்கிறது. அந்தப் பெரியவரும் ஓய்வு பெற்றுவிட்டார். "கணிசமாகக் குறைந்தது" என்று எழுதுவதைத் தவிர வழியில்லை. எனக்கு அன்று உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

ஆகவே இன்றிரவே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மாதத்துக்கு ஒரு பக்கம் போதும். இந்த மாதம் என்ன சிக்கல் வந்தது, நான் என்ன செய்தேன், யார் எதிர்த்தார்கள், யார் உதவினார்கள், முன்பு எவ்வளவு இருந்தது, இப்போது எவ்வளவு, எனக்கு எது புரியவில்லை. இதை உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள். கம்பெனியின் கோப்புகளையோ வரைபடங்களையோ வாடிக்கையாளர் பெயர்களையோ வீட்டுக்கு எடுத்துவரக் கூடாது. அது ஒழுங்கும் இல்லை, தேவையும் இல்லை. உங்கள் உழைப்பின் கணக்கு மட்டும் உங்களிடம் இருக்கட்டும். சாஃப்ட்வேர் கம்பெனியில் இருப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம். ஆண்டுக்கொரு புராஜெக்ட், ஆண்டுக்கொரு மேனேஜர் என்று மாறுகிற இடத்தில், போன வருடம் செய்தது அடுத்த அப்ரைசலுக்குள் உங்களுக்கே மறந்துவிடும்.

"எனக்குக் கிடைத்த வேலையே சாதாரணமானது. இதில் என்ன எழுத முடியும்?" என்று கேட்பவர்கள் உண்டு. இந்த ஊரில் பிறந்த ஒருவரைச் சொல்கிறேன். சி.கே. பிரகலாத், 1941-இல் கோவையில் பிறந்தவர். சென்னை லயோலா கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டு, பத்தொன்பது வயதில் யூனியன் கார்பைடின் பேட்டரி ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். நான்கு ஆண்டு அங்கே இருந்தார். அதன் பிறகுதான் அகமதாபாத் ஐ.ஐ.எம்.மின் முதல் அணியில் சேர்ந்து 1966-இல் வெளியே வந்தார், பிறகு ஹார்வர்டுக்குப் போய் முனைவர் பட்டம் பெற்றார். உலகமே மதித்த மேலாண்மைச் சிந்தனையாளர் ஆன பிறகும், அந்த ஆலை வாழ்க்கையைத் தன் வாழ்வின் பெரிய திருப்பமாகவே சொல்லி வந்தார்.

இந்திரா நூயியை எல்லோருக்கும் தெரியும். சென்னைக் கிறித்தவக் கல்லூரி, பிறகு கல்கத்தா ஐ.ஐ.எம்., அதன் பின் இங்கேயே வேலை. ஜான்சன் அண்ட் ஜான்சனில் ஸ்டேஃப்ரீ நாப்கினை அறிமுகப்படுத்தும் பொறுப்பில் இருந்தார். அந்தப் பொருளைப் பற்றி வெளிப்படையாகப் பேசவே கூச்சப்பட்ட எழுபதுகளின் இந்தியா. மாணவிகளை நேரில் சந்தித்து விளக்க வேண்டியிருந்தது. சென்னையில் மேட்டூர் பியர்ட்ஸெல் என்ற ஜவுளி நிறுவனத்திலும் வேலை பார்த்தார். இத்தனைக்கும் பிறகு 1978-இல் யேல் மேலாண்மைப் பள்ளிக்குப் போனார். பெப்சிகோவின் தலைமை அதற்கு வெகுகாலம் பின்னால் வந்தது. இருவரும் எடுத்த எடுப்பில் பெரிய பதவியில் உட்காரவில்லை. ஆலைத் தளத்திலும் கடைவீதியிலும் மனிதர்களோடு நேருக்கு நேர் நின்றார்கள். அந்த வாய்ப்பு உங்களில் பெரும்பாலானோருக்கு இப்போதே இருக்கிறது.

அடுத்தது பரிந்துரைக் கடிதம். நம்மூரில் இதில்தான் மிகப் பெரிய கோளாறு நடக்கிறது.

வெளிநாட்டுப் பள்ளிகள் பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு பரிந்துரைகள் கேட்கும். அதில் ஒன்றாவது உங்கள் வேலையை நேரடியாகப் பார்த்த மேலதிகாரியுடையதாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும். நாம் போய்க் கேட்டால் அதிகாரி என்ன சொல்கிறார்? "நீயே எழுதிக் கொண்டா தம்பி, பார்த்து அனுப்பிடறேன்." அவர் கெட்டவர் இல்லை. நேரமில்லை, இப்படித்தான் வழக்கம் என்று நினைக்கிறார். ஆனால் அது தவறு. அந்தக் கடிதத்தை விண்ணப்பிப்பவர் எழுதக் கூடாது என்று பள்ளிகள் தெளிவாகவே சொல்கின்றன. கண்டுபிடிப்பதும் கடினமில்லை. கட்டுரையும் கடிதமும் ஒரே கையால் எழுதப்பட்டால் நடை காட்டிக் கொடுத்துவிடும். பிடிபடுவது ஒருபுறம் இருக்கட்டும். உங்களை நீங்களே புகழ்ந்து இன்னொருவர் பெயரில் அனுப்புவது நேர்மையும் ஆகாது.

பல பள்ளிகள் ஏற்கும் பொதுப் பரிந்துரைப் படிவத்தில் முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. இவருக்கு நீங்கள் சொன்ன முக்கியமான திருத்தம் என்ன, எந்தச் சூழலில் சொன்னீர்கள், அதை இவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்று மேலதிகாரியிடம் கேட்கிறார்கள். உங்களை ஒருநாளும் திருத்தாத அதிகாரி இதற்கு என்ன பதில் எழுதுவார்? ஆகவே இப்போதிருந்தே நீங்களாகப் போய்க் கேட்க வேண்டும். ஒரு வேலை முடிந்ததும், "சார், இதில் நான் எதை வேறு மாதிரி செய்திருக்கலாம்?" என்று கேளுங்கள். முதல் முறை "எல்லாம் நல்லாத்தான் பண்ணே" என்பார். இரண்டாம் முறை கேட்டால் சொல்வார். அதைத் திருத்திக்கொண்டு, ஒரு மாதம் கழித்துப் போய், "நீங்கள் சொன்னதைச் செய்து பார்த்தேன் சார், இப்படி வந்தது" என்று சொல்லுங்கள். அந்த மனிதர் உங்களை மறக்கவே மாட்டார். அவர் வேலை மாறிப் போனாலும் தொடர்பை விடாதீர்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வாழ்த்துச் சொல்லும்போது, இப்போது என்ன செய்கிறேன் என்று இரண்டு வரி சேர்த்துச் சொன்னால் போதும். மூன்று ஆண்டு கழித்துப் பரிந்துரை கேட்கும்போது அவருக்கு எழுத விஷயம் இருக்கும்.

இனி தேர்வு. இதில் கணக்கு எளிது, ஆனால் பலர் கோட்டைவிடுகிறார்கள். ஐ.ஐ.எம்.களுக்கான கேட் (CAT) தேர்வு பெரும்பாலும் நவம்பர் கடைசி ஞாயிறன்று நடக்கிறது. பதிவு ஆகஸ்ட், செப்டம்பரிலேயே முடிந்துவிடும். அதன் மதிப்பெண் அந்த ஒரு சேர்க்கை ஆண்டுக்கு மட்டும்தான் செல்லும். ஜிமேட் மதிப்பெண்ணும் ஜி.ஆர்.இ. மதிப்பெண்ணும் ஐந்து ஆண்டுகள் செல்லும். வெளிநாட்டையோ, ஹைதராபாத் ஐ.எஸ்.பி. போன்ற ஓராண்டுப் படிப்பையோ மனதில் வைத்திருப்பவர், கல்லூரிப் படிப்பின் பழக்கம் விட்டுப்போவதற்குள் ஜிமேட்டை எழுதி வைத்துவிடலாம். பிறகு வேலையில் முழு மனதையும் செலுத்தலாம். 2023 இறுதியில் ஜிமேட்டின் அமைப்பு மாறிவிட்டது. இப்போது கணக்கு, மொழி, தரவுப் பகுப்பாய்வு என்று மூன்று பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 45 நிமிடம். கட்டுரை கிடையாது, இலக்கணத் திருத்தக் கேள்விகளும் கிடையாது. மதிப்பெண் 205-இலிருந்து 805 வரை. அண்ணன் கொடுத்த பழைய புத்தகத்தை வைத்துப் படிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கேட்டிலும் ஜிமேட்டிலும் நம் பிள்ளைகளைத் தடுக்கி விழ வைப்பது கணக்கு அல்ல, ஆங்கில வாசிப்புப் பகுதி. தமிழ் வழியில் படித்தவர்கள் இதைக் கேட்டுத் தளர வேண்டாம். ஆங்கில வழியில் படித்தவர்களும் பாடப் புத்தகத்துக்கு வெளியே ஒரு பக்கம் படித்ததில்லை என்பதால் அங்கேயே விழுகிறார்கள். இதற்கு மட்டும் குறுக்கு வழி கிடையாது. தினம் அரை மணி நேரம், தலையங்கமோ வரலாறோ பொருளாதாரமோ, நீளமான எழுத்தைப் படிக்க வேண்டும். இரண்டு ஆண்டு இப்படிப் படித்தவருக்கு அந்தப் பகுதி பழகிய தெருவாகிவிடும். ஐ.ஐ.எம். நேர்காணலிலும் இதே வாசிப்புதான் கைகொடுக்கும். அங்கே பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மதிப்பெண்களுக்கும் கணக்கில் இடம் உண்டு. அவற்றை இனி மாற்ற முடியாது. நேர்காணலை மாற்றலாம். திருப்பூர்க்காரரிடம் பின்னலாடைத் தொழிலைப் பற்றிக் கேட்பார்கள். பருத்தி விலை ஏறினால் யார் கைக்கு அடி விழும் என்று கேட்பார்கள். சொந்த ஊரின் பிழைப்பைப் பற்றிச் சொல்லத் தெரியாமல் விழித்த பையன்களை நான் பார்த்திருக்கிறேன். மதிப்பெண்ணில் அவர்கள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை.

உங்கள் தம்பி தங்கைகள் இன்னும் கல்லூரியில் இருந்தால் அவர்களிடம் ஒன்றைச் சொல்லுங்கள். ஹார்வர்டின் 'டூ பிளஸ் டூ' போன்ற திட்டங்களில் கடைசி ஆண்டு படிக்கும்போதே விண்ணப்பித்து இடத்தை உறுதி செய்துகொண்டு, குறைந்தது இரண்டு ஆண்டு வேலை பார்த்துவிட்டுப் போய்ச் சேரலாம். ஐ.எஸ்.பி.யிலும் மாணவர்களுக்கென்று தனி வழி உண்டு. இங்கே பலருக்கு இது தெரியவரும்போது கல்லூரி முடிந்துவிடுகிறது.

சமூக சேவையைப் பற்றி ஒரு வார்த்தை. விண்ணப்பத்துக்கு மூன்று மாதம் முன்பு ஏதாவது தொண்டு நிறுவனத்தில் போய் நின்று சான்றிதழ் வாங்குவதை விட்டுவிடுங்கள். படிப்பவருக்குத் தேதியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பார்வையற்ற மாணவர்கள் தேர்வில் எழுதிக்கொடுக்க ஆள் கிடைக்காமல் தவிக்கிறார்கள். செமஸ்டர்தோறும் இரண்டு தேர்வுக்குப் போய் உட்காருங்கள். விண்ணப்பிக்காமலே போனாலும் அந்தப் பிள்ளைகள் தேறியிருப்பார்கள்.

பணத்துக்கு வருகிறேன். பழைய ஐ.ஐ.எம்.களில் இரண்டு ஆண்டுக் கட்டணம் 20 லட்சம் ரூபாயைத் தாண்டிவிட்டது. அமெரிக்காவின் முன்னணிப் பள்ளியில் தங்கும் செலவோடு சேர்த்தால் ஒரு கோடிக்கு மேல். கடன் வாங்காமல் நம்மில் யாராலும் முடியாது. வங்கி முதலில் பார்ப்பது உங்கள் சிபில் மதிப்பெண்ணையும், கூடக் கையெழுத்துப் போடும் பெற்றோரின் மதிப்பெண்ணையும்தான். முதல் சம்பளத்தில் வாங்கிய பைக்கின் தவணை இரண்டு தப்பினால், கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையைக்கூடக் கட்டாமல் விட்டால், அது அங்கே பதிவாகும். மூன்று ஆண்டு கழித்துக் கடன் கேட்டு நிற்கும்போது கண் முன்னே வந்து நிற்கும். அப்பாவின் பெயரில் எப்போதோ வாங்கிய நகைக்கடன், பயிர்க்கடன் நிலுவை ஏதாவது இருக்கிறதா என்றும் இப்போதே பாருங்கள். சரிசெய்ய அவகாசம் இருக்கும். சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16, பழைய கம்பெனியின் ரிலீவிங் லெட்டர், பல்கலைக்கழகத்தின் எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியல்கள், எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்துவிடுங்கள். கம்பெனியில் பாண்டு போட்டிருந்தால் அது எந்த மாதம் முடிகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, எல்லோரும் எம்.பி.ஏ. படித்தே ஆக வேண்டும் என்று சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இப்போதைய வேலை பிடிக்கவில்லை, தப்பித்து ஓட ஒரு வாசல் வேண்டும் என்று போகிறவர்கள், அவ்வளவு கடனையும் வாங்கி முடித்துவிட்டு, வேறொரு பெயரில் அதே மாதிரி வேலையில் உட்கார்ந்திருப்பதைக் கண்டிருக்கிறேன். போவதற்கு முன் அங்கே படித்து முடித்து நான்கைந்து ஆண்டு ஆனவர்கள் இரண்டு பேரிடமாவது பேசுங்கள். புதிதாக வெளியே வந்தவரிடம் பேசினால் சம்பளத்தை மட்டும் சொல்வார். நான்கைந்து ஆண்டு ஆனவர் தன் நாள் எப்படிக் கழிகிறது என்று சொல்வார். நான் மாத நோட்டு எழுதச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஓர் ஆண்டு எழுதியதைத் திரும்பப் படித்தால் எந்த வேலை உங்களை இழுக்கிறது என்பது தெரியும். சிலருக்கு அது மேலாண்மையாக இருக்காது. வார்ப்பிலோ நிரலிலோ இன்னும் ஆழமாகப் போவதாக இருக்கும். அப்படியானால் எம்.டெக். படியுங்கள், அல்லது அந்த வேலையிலேயே கெட்டிக்காரராகுங்கள்.

கடைசியாக, இங்கே வந்திருக்கும் பெண்களிடம் தனியாகச் சொல்ல வேண்டும். நல்ல பள்ளிகள் எதிர்பார்க்கும் மூன்று, நான்கு ஆண்டு அனுபவம் உங்களுக்குச் சேரும் வயதும், வீட்டில் ஜாதகம் எடுக்கும் வயதும் ஒன்றாகவே வருகின்றன. நல்ல மதிப்பெண் எடுத்து, இடமும் கிடைத்து, "இப்ப வந்து சொல்றியே" என்ற ஒரே பேச்சில் நின்றுபோன பெண்கள் எனக்குத் தெரியும். அட்மிஷன் கடிதம் வந்த பிறகு வீட்டில் பேச்சைத் தொடங்காதீர்கள். இந்த ஆண்டே தொடங்குங்கள். எவ்வளவு செலவு, எப்படித் திருப்பிக் கட்டுவேன், எங்கே தங்குவேன் என்று காகிதத்தில் எழுதிக் காட்டுங்கள். உங்கள் ஊரிலிருந்தோ உறவிலிருந்தோ இப்படிப் போய்வந்த பெண் ஒருவர் இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவை அவர் வீட்டுக்கு அழைத்துப் போங்கள். நீங்கள் பேச வேண்டாம், அவர்கள் இருவரும் பேசட்டும். அப்பாக்கள் யாராவது இந்த அரங்கில் இருந்தால் உங்களிடமும் கேட்டுக்கொள்கிறேன் ஐயா: மகனின் படிப்புக்குக் கையெழுத்துப் போடும் அதே கடன் பத்திரத்தில் மகளுக்கும் போடுங்கள்.